வோகோடரில் வார்த்தை புரியவில்லையா? மைக்கிலிருந்து ஆரம்பியுங்கள்

வோகோடர் (வாசிக்கிற ஒலியை நம் பேச்சால் பேசவைக்கிற வசதி) உள்ள கீபோர்டு கைக்கு வந்ததும் எல்லோரும் செய்கிற முதல் காரியம் ஒன்றுதான். கூடவே வந்த வளைகிற கழுத்து மைக்கைச் சொருகி, ஒரு கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கிற சில ஸ்வரங்களை, அழுத்திப் பிடித்துக்கொண்டு, 'வணக்கம் மும்பை' என்று சொல்லிப் பார்ப்பது. ரோபோ பேசும் என்று எதிர்பார்த்தால் மூக்கடைத்த ஆள் ஒருவர் பக்கத்து அறையில் முனகுவதுபோல ஏதோ வரும். உடனே பேட்ச்சை (சேமித்து வைத்த ஒலி அமைப்பை) மாற்றுவோம், ஃபில்டரைத் திருப்புவோம், ஃபார்மன்ட் ஷிஃப்ட்டை இப்படியும் அப்படியும் தள்ளுவோம், கடைசியில் 'இந்த மாடல்ல வோகோடர் சும்மா பேருக்குத்தான்' என்று தீர்ப்பு எழுதிவிட்டு அந்தப் பக்கமே போகமாட்டோம். செம்பூர், மாட்டுங்கா, சயான், தாராவி என்று இங்கே மும்பையில் மெல்லிசைக் குழுக்களில் வாசிக்கிற நண்பர்கள் சிலரிடம் மைக்ரோகோர்க் இருக்கிறது, சிலரிடம் ரோலண்ட் ஜூனோ-டிஎஸ் இருக்கிறது, இரண்டிலும் வோகோடர் உண்டு, ஆனால் மேடையில் அதைத் தொடுகிறவர்களைக் காண்பது அபூர்வம். குறை பெரும்பாலும் சிந்த்தில், அதாவது ஒலியை உருவாக்குகிற அந்தக் கீபோர்டில், இல்லை. அதற்குள் போகிற குரலில் இருக்கிறது.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுங்கள். வோகோடருக்கு நல்ல குரல் வேறு, காதுக்கு நல்ல குரல் வேறு. பாடகருக்காக நாம் தேடுகிற கனமான அடிக்குரல், கொஞ்சம் ரிவெர்ப், ஏறி இறங்குகிற பாவம், மென்மையான உச்சரிப்பு, இவை எல்லாமே இங்கே தொல்லை. தனியாகக் கேட்டால் ஒல்லியாக, வறண்டு, ஒரே மட்டத்தில், 'ச'வும் 'ட'வும் காதைக் குத்துகிற குரல்தான் உள்ளே போக வேண்டும். ஹெட்ஃபோனில் அந்தக் குரலை மட்டும் கேட்டு 'ஐயோ, இது என்ன அசிங்கம்' என்று தோன்றினால் பாதை சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

காரணம் உள்ளே நடக்கிற வேலையில் இருக்கிறது. சாதாரண எஃபெக்ட் மாதிரி வோகோடர் உங்கள் குரலை மாற்றி வெளியே விடுவதில்லை. குரலைக் கீழ் அதிர்வெண்ணிலிருந்து மேல் வரை பல பேண்டுகளாகப் பிரிக்கிறது, ஒவ்வொரு பேண்டிலும் இந்தக் கணத்தில் எவ்வளவு சத்தம் இருக்கிறது என்று அளக்கிறது, அந்த அளவை வைத்து சிந்த் ஒலியில் அதே பேண்டைத் திறந்து மூடுகிறது. அளக்கப்படும் குரலுக்கு மாடுலேட்டர் என்று பெயர், திறந்து மூடப்படும் சிந்த் ஒலிக்குக் கேரியர் என்று பெயர். மைக்ரோகோர்க்கில் எட்டு பேண்டு, பின்னால் வந்த மைக்ரோகோர்க் எக்ஸ்எல்லில் பதினாறு. அளக்கிற சுற்றுக்கு எது குரல், எது ஃபேன் சத்தம், எது சுவரில் பட்டுத் திரும்பிய எதிரொலி என்று தெரியாது. மைக் வழியாக வந்ததெல்லாம் அதற்குக் குரல்தான்.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்கத் தொலைபேசி ஆய்வகமான பெல் லேப்ஸில் ஹோமர் டட்லி 1930களில் இதை உருவாக்கியது பாட்டுக்காக இல்லை, தொலைபேசிக் கம்பியில் பேச்சைக் குறைந்த இடத்தில் அடக்கி அனுப்புவதற்காக. அவருடைய அமைப்பில் குரல்நாண் அதிர்கிற ஒலிகளுக்கு ஒரு ரீங்காரமும், 'ஸ்' போன்ற வெறும் காற்றொலிகளுக்கு ஓர் இரைச்சலும் என்று இரண்டு மூலங்கள் இருந்தன, எது வேண்டுமோ அது மாறி மாறி வரும். நம் கீபோர்டுகளில் பல அந்த மாற்றத்தைத் தானாகச் செய்வதில்லை. நீங்கள் பிடித்திருக்கிற கார்டு ஒன்றுதான் கேரியர். மெய்யெழுத்துகள் காணாமல் போவதற்குப் பாதிக் காரணம் அது, மீதிப் பாதி மைக்.

மைக்கும் தூரமும்

கூட வருகிற கூஸ்நெக் மைக்கைத் திட்டாதவர்கள் இல்லை. நான் அதைத் திட்டமாட்டேன். அது ஒரு சின்ன எலெக்ட்ரெட் மைக், உயர் அதிர்வெண்ணை ஓரளவு நன்றாகவே பிடிக்கும், அதனால் 'ச' வருவதற்கு அது மோசமில்லை. சிக்கல் அது உட்கார்ந்திருக்கிற இடத்தில். கீபோர்டின் உடம்பிலேயே செருகியிருப்பதால் விரல் கட்டையைத் தட்டுகிற ஒவ்வொரு தட்டும் மைக்குக்குப் போகிறது, கீழ் பேண்டு திறக்கிறது, கார்டு 'டும்' என்று ஒருமுறை உறுமுகிறது. அப்புறம் கழுத்து போதிய நீளமில்லாததால் வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி வந்துவிடுகிறது, அந்த இடைவெளியில் அறை முழுவதும் உள்ளே நுழைகிறது. வீட்டில் விளையாட்டாகப் பழக இது போதும். ரெக்கார்டிங், மேடை என்று வந்தால் தனி ஸ்டாண்டில் தனி மைக் வையுங்கள்.

எந்த மைக்? யாரிடமும் கேட்காமலே கிடைக்கிற பதில் ஷூர் எஸ்எம்58, இந்த முறை அந்தப் பதில் சரிதான். 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும், குரலின் தெளிவு இருக்கிற மேல் நடுப்பகுதியை அதுவே கொஞ்சம் தூக்கித் தரும், கார்டியாய்டு என்பதால் பின்பக்கத்து சத்தத்தை ஒதுக்கும். இதைவிட விலை குறைந்த டைனமிக் மைக் (வெளியிலிருந்து பவர் கேட்காத வகை) எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, வாயை ஒட்டி வைத்துப் பேச முடிய வேண்டும், அதுதான் முக்கியம். வீட்டில் பெரிய டயஃப்ரம் கண்டென்சர் (பவர் கேட்கிற, நுட்பமான ஸ்டுடியோ மைக்) இருக்கிறதே என்று அதைக் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள். அது நல்ல மைக், அதனால்தான் வேண்டாம் என்கிறேன்: மாடிப்படியில் நடக்கிறவர், எதிர்வீட்டு குக்கர் விசில், தூரத்தில் போகிற லோக்கல் ரயில் எல்லாவற்றையும் அக்கறையாகக் கேட்டு வோகோடரிடம் ஒப்படைக்கும். தவிர, சிந்த்தில் இருக்கிற எக்ஸ்எல்ஆர் சாக்கெட் பல மாடல்களில் கூட வந்த மைக்குக்கு வேண்டிய சின்ன வோல்டேஜைத்தான் தரும், ஸ்டுடியோ கண்டென்சர் கேட்கிற 48 வோல்ட் ஃபேன்டம் பவரைத் தராது. சொருகிவிட்டு சத்தமே வரவில்லை என்றால் மைக் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், மேனுவலைப் பாருங்கள். மைக்ரோகோர்க்கில் பின்பக்கம் கண்டென்சர், டைனமிக் என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது, அது எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று பார்க்காமலேயே பலர் மைக்கை மாற்றி மாற்றிச் சொருகிக்கொண்டிருப்பார்கள்.

வாயிலிருந்து மைக் வரை மூன்று, நான்கு விரல் அகலம். அதற்குமேல் போகாதீர்கள். இவ்வளவு நெருக்கத்தில் இரண்டு பக்கவிளைவு உண்டு. கார்டியாய்டு மைக்கில் நெருங்க நெருங்க அடிக்குரல் தானாகப் பெருகும், அதை அப்புறம் ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாக ஏற்றி இறக்குகிற வசதியில்) வெட்டிவிடலாம். இன்னொன்று 'ப' சொல்லும்போது காற்று அடிக்கிற 'புஃப்'. ஸ்பீக்கரில் கேட்டால் சின்னத் தொல்லை, வோகோடரில் அது கார்டின் கீழ்ப்பகுதி முழுவதையும் ஒருமுறை திறந்துவிடும். ஸ்பாஞ்சு உறை போடுங்கள், அல்லது மைக்கை உதட்டின் ஓரத்தில், காற்று நேராகப் படாத கோணத்தில் வையுங்கள். ரொம்பவும் பக்கவாட்டில் திருப்பிவிட்டால் 'ச'வும் சேர்ந்து மங்கிவிடும் என்பதால் கொஞ்சமாக.

இரண்டு கையும் கீபோர்டில் இருக்கும்போது ஸ்டாண்டு மைக்கைத் தேடி கழுத்தை நீட்ட வேண்டியிருக்கிறது என்றால் தலையில் மாட்டுகிற டைனமிக் ஹெட்செட் மைக்தான் வசதி. தலை எங்கே திரும்பினாலும் தூரம் மாறாது, தூரம் மாறாததால் அளவு மாறாது, வோகோடருக்கு அதைவிட வேறென்ன வேண்டும். பார்க்கத்தான் கால்சென்டர் ஆள் மாதிரி இருக்கும்.

கேபிளும் லெவலும்

இந்தப் பகுதியை யாரும் படிக்கமாட்டார்கள், ஆனால் பாதிப் பேருக்கு இங்கேதான் கோளாறு.

எஸ்எம்58 மாதிரி ஒரு மைக், 94 டெசிபல் சத்தத்துக்கு ஏறக்குறைய 1.85 மில்லிவோல்ட் தரும். வீட்டு உபகரணங்களின் லைன் லெவல் என்பது சுமார் 316 மில்லிவோல்ட். இரண்டுக்கும் நடுவே 45 டெசிபல் பள்ளம். வாயை ஒட்டிப் பாடும்போது சத்தம் 94ஐத் தாண்டிப் போகும் என்பதால் கொஞ்சம் குறையும், இருந்தாலும் முப்பது டெசிபலுக்கு மேல் யாராவது தூக்கித் தர வேண்டும். சிந்த்தின் மைக் இன்புட்டில் இருக்கிற ப்ரீஆம்ப் அதைச் செய்யும், ஆனால் முழுசாகத் திருப்பினால் 'ஸ்ஸ்' என்று இரைச்சலும் வரும். அந்த இரைச்சல் மேல் பேண்டுகளை எப்போதும் அரைக் கதவாகத் திறந்து வைத்திருக்கும், நீங்கள் வாயை மூடியிருந்தாலும் கார்டு லேசாகக் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் என் வழி, மைக்கை நேராக சிந்த்தில் சொருகாமல் ஒரு சின்ன மிக்ஸரிலோ ஆடியோ இன்டர்ஃபேஸிலோ சொருகி, அங்கே கெயின் ஏற்றி, லைன் லெவலாக சிந்த்துக்கு அனுப்புவது. சிந்த்தில் லைன், மைக் ஸ்விட்ச் இருந்தால் லைனுக்குத் தள்ளிவிட்டு இன்புட் நாப்பைப் பாதிக்குக் கீழே வைக்கலாம். நாலு சேனல் மிக்ஸர் ஒன்று போதும், லோ-கட் பட்டனும் (தாழ்ந்த ஒலிகளை வெட்டுவது) மூன்று நாப் ஈக்யூவும் இருந்தால் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

லெவல் வைக்கும்போது மெதுவாகப் பேசி வைக்காதீர்கள். மேடையில் எவ்வளவு சத்தமாகச் சொல்வீர்களோ அவ்வளவு சத்தமாகச் சொல்லி, சிகப்பு விளக்கு எரிகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே நிறுத்துங்கள். குரல் இன்புட்டில் கிழிந்தால் இல்லாத அதிர்வெண்கள் எல்லா பேண்டிலும் முளைக்கும், வார்த்தை குழைந்துவிடும்.

கேபிள் வாங்க லாமிங்டன் ரோடு போகிறீர்கள் என்றால் கடைக்காரருக்குப் புரிகிற மாதிரி கேளுங்கள்: கால் அங்குல ஜாக்குக்கு அங்கே பெயர் பி-38. வேண்டியது மைக் பக்கம் ஃபீமேல் எக்ஸ்எல்ஆர், சிந்த் பக்கம் பி-38. மோனோவா, ஸ்டீரியோவா என்பது சிந்த்தின் இன்புட்டைப் பொறுத்தது. மோனோ இன்புட்டாக இருந்தால் மோனோ பின், எக்ஸ்எல்ஆரின் 2ஆம் பின் நுனிக்கும், 1ம் 3ம் சேர்ந்து உடம்புக்கும் போக வேண்டும். ஸ்டீரியோ லைன் இன்புட்டில் பேலன்ஸ்டு கேபிளைச் சொருகினால் ஒரு வேடிக்கை நடக்கும்: இடது காதில் குரல், வலது காதில் அதே குரல் தலைகீழாக. சிந்த் இரண்டையும் கூட்டி மோனோ ஆக்கினால் ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டு மிச்சம் பூஜ்யம். மைக், கேபிள், மிக்ஸர் எல்லாம் தனித்தனியாக நன்றாக வேலை செய்யும், சேர்த்தால் மௌனம், மனுஷன் பைத்தியம் ஆகிவிடுவான்.

ஹம் (மின்சார ரீங்காரம்) வந்தால் அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் மடங்குகளான 100, 150 எல்லாம் வோகோடரின் கீழ் பேண்டுகளில் வந்து உட்காரும். லேப்டாப் ஒரு ப்ளக் பாயின்ட்டிலும் சிந்த் எதிர்ச் சுவரிலும் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்குக் கொண்டு வாருங்கள், மூன்று பின் அடாப்டராக இருக்கட்டும். அப்படியும் போகவில்லை என்றால் நடுவே ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ், அதாவது மின் தொடர்பைப் பிரித்து சிக்னலை மட்டும் கடத்துகிற சின்னப் பெட்டி. எர்த் பின்னை உடைத்துவிட்டால் ஹம் போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உதட்டை ஒட்டி உலோக மைக் வைத்துக்கொண்டு நிற்கப் போவது நீங்கள்தான்.

அறை

மும்பை ஃபிளாட்டில் அமைதி என்பது கிடையாது, அதற்காக ஏங்கியும் பயனில்லை. பெங்களூரில் இருக்கிற நண்பர்கள் ஃபேனை நிறுத்திவிட்டுப் பாடு என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். மே மாதத்தில் இங்கே ஃபேனை நிறுத்தினால் இரண்டு டேக்குக்குள் சட்டை நனைந்துவிடும். ஆனால் ஃபேனோடு சமாதானமாகப் போக வழி இருக்கிறது. சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே நிற்காமல் அறையின் மூலைப் பக்கம் நகருங்கள், காற்று மைக்கில் நேராக அடிக்காமல் இருந்தாலே தாழ்ந்த உறுமல் பெரும்பாலும் போய்விடும், மீதியை லோ-கட் பார்த்துக்கொள்ளும். ஏசி வெளியே ஓடுகிற சத்தம் ஒரே சீராக இருப்பதால் கேட் (ஓர் அளவுக்குக் கீழே உள்ள சத்தத்தை அடைத்துவிடுகிற கருவி) வைத்து அடக்கலாம். அடக்க முடியாதது மழை: ஜூலையில் ஜன்னலுக்கு மேலே இருக்கிற தகரத்தில் மழை கொட்டும்போது அது எல்லா அதிர்வெண்ணிலும் அடிக்கிற இரைச்சல், அன்றைக்கு வோகோடரை மூடிவிட்டு பேட்ச் எழுதுங்கள்.

எதிரொலிதான் பெரிய எதிரி. பத்துக்குப் பத்து அறை, டைல்ஸ் தரை, ஒரு ஸ்டீல் பீரோ, வெறும் சுவர் என்றால் குரல் நின்ற பிறகும் ஒலி சுற்றிக்கொண்டே இருக்கும், அந்த வால் பேண்டுகளை மூடவிடாது. கார்டியாய்டு மைக் முன்பக்கத்தைக் கேட்கிறது, முன்பக்கம் என்றால் நீங்களும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிற சுவரும். எனவே போர்வையையோ ரஜாயையோ மைக்குக்குப் பின்னால் மாட்டிப் பெரிய பயன் இல்லை, உங்கள் முதுகுக்குப் பின்னால் மாட்டுங்கள். துணி நிறைந்த மர அலமாரியைத் திறந்து வைத்து அதற்கு முதுகு காட்டி நின்றாலும் சரி.

மழைக்காலத்தில் எலெக்ட்ரெட், கண்டென்சர் மைக்குகளை வெளியே விட்டுவைக்காதீர்கள். ஈரம் ஏறினால் படபடவென்று வெடிக்கும். மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு போட்டு வைத்தால் போதும்.

ஈக்யூ, கம்ப்ரஸர், கேட்

இனிதான் சமையல். மிக்ஸரில் செய்தாலும் சரி, லேப்டாப்பில் ப்ளக்-இன் வைத்து இன்டர்ஃபேஸ் வழியாக சிந்த்துக்கு அனுப்பினாலும் சரி, லேப்டாப் என்றால் பஃபர் அளவைக் குறைத்து வைக்க மறக்காதீர்கள், தாமதம் வந்தால் வார்த்தை ஒரு பக்கம் கார்டு ஒரு பக்கம் போகும்.

முதலில் லோ-கட். 100 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். ஆண் குரலில் சுருதி அதற்குப் பக்கத்தில் இருக்கலாம், குரலின் கனம் போய்விடுமே என்று தயங்க வேண்டாம். சுருதி வருவது நீங்கள் பிடிக்கிற கார்டிலிருந்து, குரலிலிருந்து இல்லை. நான் 150 வரைகூடப் போவேன். அடுத்தது 200 முதல் 400 வரை ஒரு மூன்று, நாலு டெசிபல் குறையுங்கள், நெருக்கத்தில் பெருகிய அடிக்குரல் அங்கேதான் குவிந்திருக்கும். அப்புறம் 2,000 முதல் 5,000 வரை அகலமாக ஒரு ஆறு டெசிபல் ஏற்றுங்கள். பாட்டு மிக்ஸில் இப்படி ஏற்றினால் சவுண்டுக்காரர் எழுந்து வந்து அடிப்பார், இங்கே இதுதான் உயிர். 6,000க்கு மேலேயும் கொஞ்சம் ஏற்றலாம், 'ஸ்' அங்கே இருக்கிறது. மிக்ஸரில் மூன்று நாப்தான் என்றால் லோவைக் குறை, மிட்டை விடு, ஹையை ஏற்று. டீ-எஸ்ஸர் ('ஸ்' ஒலியைக் குறைப்பது) ஏற்கனவே போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், நாம் தேடிக்கொண்டிருக்கிற பொருளையே அது திருடிக்கொண்டிருக்கிறது.

கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது) கட்டாயம். எட்டு பேண்டு வோகோடர் ஒன்றில் சொல்லின் தொடக்கம் முழங்கும், வாக்கியக் கடைசியில் குரல் தளரும்போது பேண்டுகள் திறப்பதற்கே சக்தி இருக்காது, 'வந்தேன்' என்பதில் 'வந்' மட்டும் வரும். அமுக்குகிற விகிதம் 4:1 அல்லது 6:1, அட்டாக் (அமுக்கத் தொடங்குகிற நேரம்) சில மில்லிசெகண்டு, ரிலீஸ் (விட்டுவிடுகிற நேரம்) 80, 100 மில்லிசெகண்டு, சத்தமான இடத்தில் ஒரு பத்து டெசிபல் அமுக்குகிற அளவுக்கு த்ரெஷோல்டு. குரல் உயிரற்றுப் போய்விட்டதா? நல்லது. பாவம் வேண்டுமென்றால் சிந்த்தின் எக்ஸ்பிரஷன் பெடலில் கொண்டு வாருங்கள். ரிலீஸை மட்டும் மிகவும் வேகமாக வைக்காதீர்கள், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஃபேன் சத்தம் மேலே எழும்பி வரும்.

அதனால்தான் கேட் வேண்டும், அதுவும் கம்ப்ரஸருக்கு முன்னால். கம்ப்ரஸர் இரைச்சலையும் தூக்கிவிட்ட பிறகு கேட் போட்டால் எது குரல், எது இரைச்சல் என்று பிரிப்பது கஷ்டம். மைக்ரோகோர்க்கில் ஆடியோ இன் பகுதியிலேயே கேட் சென்ஸ், த்ரெஷோல்டு என்று இருக்கின்றன, தனிக் கருவி இல்லாதவர்கள் அதையே பயன்படுத்தலாம். கேட்டைக் கறாராக வைத்தால் மெல்லிய மெய்கள் வாசலிலேயே நின்றுவிடும். வாயை மூடியிருக்கும்போது கார்டு கசியாத அளவு போதும், அதற்குமேல் ஆசைப்பட வேண்டாம்.

தமிழுக்கு என்று ஒரு சோதனை

கிடைக்கிற வழிகாட்டிகள் எல்லாம் ஆங்கிலப் பேச்சை மனதில் வைத்தவை, 'எஸ்' சத்தத்தோடு நின்றுவிடும். நமக்கு வேறு சில இடங்களில் இடிக்கிறது. அமைப்பைச் சரிபார்க்க நான் 'ஒன் டூ த்ரீ' சொல்வதில்லை, கீழே இருக்கிற சொற்களைச் சொல்லிப் பார்ப்பேன்.

'பாடு', 'பாட்டு'. இரண்டுக்கும் நடுவே இருக்கிற பெரிய வித்தியாசம் மௌனம். 'ட்ட' சொல்லும்போது நாக்கு மேலே ஒட்டி ஒலியை முழுசாக நிறுத்துகிறது, அந்தச் சின்ன இடைவெளிதான் இரட்டை மெய். எதிரொலியோ ஃபேன் சத்தமோ இழுக்கிற என்வலப்போ (ஒலி எழுந்து அடங்குகிற வடிவம்) அந்த இடைவெளியை நிரப்பிவிட்டால் 'பாட்டு' கேட்பவருக்குப் 'பாடு' ஆகிவிடும். இரண்டும் வேறு வேறாகக் கேட்டால் உங்கள் அறையும் கேட் அமைப்பும் ரிலீஸும் சரி. கேட்கவில்லை என்றால் மைக்ரோகோர்க்கில் இ.எஃப். சென்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதைக் குறைத்துப் பாருங்கள். குறைவாக இருந்தால் குரலை வேகமாகப் பின்தொடரும், கூட்டினால் ஒலி இழுபடும்.

'சாமி', 'பச்சை', 'இஷ்டம்'. 'சாமி'யின் காற்றொலி 4,000, 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அது வரவில்லை என்றால் ஹை ஈக்யூ, கேரியர் இரண்டையும் பார்க்க வேண்டும். தொலைபேசியில் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும் நிலைமை வருவதும் இதனால்தான், பழைய இணைப்பு 3,400 ஹெர்ட்ஸோடு வெட்டிவிடும்.

'பலம்', 'பழம்', 'பள்ளம்'. ல, ழ, ள மூன்றும் ஏறக்குறைய 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கிற பகுதியில்தான் முக்கியமாகப் பிரிகின்றன. எட்டு பேண்டு மட்டும் இருக்கிற வோகோடரில் அந்தப் பகுதிக்கு ஒன்றிரண்டு பேண்டுகள்தான் கிடைக்கும், ஆகவே ழகரம் துல்லியமாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், பதினாறில் கொஞ்சம் தேறும். 'மனம்', 'மணம்' சோதிக்கவே வேண்டாம். பேசும்போதே பல பேருக்கு அது ஒன்றுதான்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட முடிவு: வோகோடருக்குக் கொடுக்கிற வரியைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். க, ச, ட, ப இரட்டிக்கிற சொற்கள், குறுகிய வரி, இழுக்காத உச்சரிப்பு. ழவும் லவும் ரவும் குழைந்தோடுகிற மெல்லிசை வரியைக் கொடுத்தால் எவ்வளவு நல்ல மைக் வைத்தாலும் அது கூழ்தான். இன்னொரு தந்திரம், பாடகர் ஏற்கனவே இரண்டு முறை பாடிவிட்ட பல்லவி வரியை வோகோடருக்குக் கொடுப்பது. கேட்பவருக்கு வரி தெரியும், காது மீதியை நிரப்பிக்கொள்ளும். உச்சரிக்கும்போது நாடக மேடை மாதிரி மிகைப்படுத்துங்கள், சுருதியோடு பாடவேண்டிய அவசியமே இல்லை, தட்டையாகச் சொன்னால் போதும்.

சிந்த் பக்கம் இரண்டு வார்த்தை

மைக்கில் இவ்வளவும் செய்துவிட்டு கேரியராக ஒரு மென்மையான ஃப்ளூட் பேடை வைத்தால் எல்லாம் வீண். கேரியரில் இல்லாத அதிர்வெண்ணை வோகோடர் எப்படித் திறக்கும்? சாடூத் வேவ் (ஹார்மோனிக்ஸ் நிறைந்த கூர்மையான ஒலி), ஃபில்டர் முழுசாகத் திறந்து, ரெசனன்ஸ் இல்லாமல். இரண்டாவது ஆசிலேட்டர் இருந்தால் கொஞ்சம் டீட்யூன் செய்த இன்னொரு சாடூத். அதோடு நாய்ஸ் கொஞ்சம் கலக்குங்கள், டட்லியின் அமைப்பில் தானாக வந்த அந்த இரைச்சலுக்குப் பதிலாக இது, 'ச', 'ஷ' இதிலிருந்துதான் உருவாகும். கார்டை நடு ஆக்டேவில் பிடியுங்கள், ரொம்ப மேலே போனால் ஹார்மோனிக்ஸ் விலகி விலகி நின்று பேண்டுகளுக்குத் தீனி இருக்காது. நாய்ஸ் பிடிக்கவில்லை என்றால் குரலின் உயர் பகுதியை மட்டும் நேராக வெளியே விடுகிற வசதி சில சிந்த்களில் உண்டு, மைக்ரோகோர்க்கில் அதற்கு ஹெச்பிஎஃப் லெவல் என்று பெயர். மெதுவாக ஏற்றுங்கள், வார்த்தை திடீரென்று முகம் காட்டும். அதற்குமேல் ஏற்றினால் ரோபோவோடு நீங்களும் சேர்ந்து பேசுவது தெரிந்துவிடும். ரிவெர்ப், டிலே எல்லாம் வோகோடருக்குப் பின்னால் மட்டும்.

மேடையில்

கணபதி மண்டல் மேடை, பொங்கல் விழா மேடை எதுவாக இருந்தாலும் டிரம்ஸ் உங்களுக்குப் பின்னால் நாலடியில் இருக்கும். மைக்கில் ஸ்னேர் டிரம் சத்தம் போனால் வோகோடர் ஸ்னேரைப் பேசும், கம்ப்ரஸர் அதை இன்னும் தூக்கிவிடும். வீட்டில் வைத்த கம்ப்ரஷனில் பாதியைக் குறையுங்கள், கேட்டை இன்னும் கொஞ்சம் கறாராக்குங்கள், வாயை மைக்கில் ஒட்டியே வையுங்கள். மானிட்டர் (மேடையில் நமக்குக் கேட்பதற்காக வைக்கிற ஸ்பீக்கர்) எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள்: எஸ்எம்58 மாதிரி கார்டியாய்டுக்கு நேர் பின்னால் மானிட்டர் இருக்கலாம், சூப்பர் கார்டியாய்டு மைக் என்றால் நேர் பின்பக்கமும் கொஞ்சம் கேட்கும், பின்பக்கத்திலிருந்து சற்று ஓரமாகத் தள்ளி வைக்க வேண்டும்.

சவுண்டுக்காரரிடம் செக்கிங் நேரத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள், இந்த மைக் அவருடைய ஸ்டேஜ் பாக்ஸுக்குப் போகாது, என் மிக்ஸருக்குப் போய் சிந்த்துக்குப் போகும், அவருக்குக் கிடைப்பது சிந்த்தின் அவுட் மட்டும். இல்லையென்றால் பழக்கதோஷத்தில் மைக் கேபிளைப் பிடுங்கித் தன் பெட்டியில் சொருகிவிடுவார்கள், பாட்டு நடுவே நீங்கள் கார்டைப் பிடித்துக்கொண்டு பேசுவீர்கள், ஒன்றும் வராது. அவருக்குக் குரலும் வேண்டும் என்றால் மிக்ஸரின் இன்னொரு அவுட்டிலிருந்து தனியாகக் கொடுங்கள்.

மேடைச் சத்தத்தோடு எதற்குப் போராட வேண்டும் என்று தோன்றினால், இன்னொரு வழி இருக்கிறது, நான் பல தடவை இதைத்தான் செய்கிறேன். வோகோடர் வரியை வீட்டிலேயே நல்ல மைக்கில் பதிவு செய்து, மேலே சொன்ன ஈக்யூ, கம்ப்ரஸர் எல்லாம் போட்டு, சொல்லுக்கு நடுவே இருக்கிற இடங்களைக் கையாலேயே வெட்டி மௌனமாக்கி, ஃபோனிலோ பேட் சாம்ப்ளரிலோ (பதிவைத் தட்டி ஒலிக்கவைக்கிற கருவி) வைத்துக்கொண்டு அதன் ஹெட்ஃபோன் அவுட்டை சிந்த்தின் லைன் இன்புட்டில் கொடுப்பது. கார்டு அங்கேயே நேரடியாக வாசிக்கிறீர்கள், வார்த்தை மட்டும் டப்பாவிலிருந்து வருகிறது. கேபிள் மோனோவா, ஸ்டீரியோவா என்று பார்த்து, ஃபோனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் யாராவது அழைக்கும்போது வோகோடர் ரிங்டோனைப் பாடும்.